முப்பதாவது பெயர்

என் அண்ணனை அவர் டை விற்ற இடத்தில் நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். போருக்கு முந்தைய ஆண்டு, சிங்கப்பூர் ராபிள்ஸ் சதுக்கத்தில் இருந்த ஒரு பெரிய கடையின் தரைத்தளத்தில், கண்ணாடிப் பேழைக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். பேழைக்குள் பட்டு டைகள் நிறவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. கருநீலத்தில் தொடங்கி வெளிர்மஞ்சளில் முடிந்தன. இரும்புக் கூண்டு வைத்த மின்தூக்கி ஒன்று வெள்ளைக்காரச் சீமாட்டிகளை ஏற்றிக்கொண்டு மேலே போய்வந்தது. தோல், லவண்டர், கஞ்சி போட்ட புதுத்துணி மூன்றும் கலந்த ஒரு வாசனை அந்தத் தளம் முழுக்க இருந்தது. பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு மலாக்காவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்த நான், கசங்கிய சட்டையோடு பேழைக்கு முன்னால் போய் நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்தார். முகத்தில் எதுவும் அசையவில்லை. "என்ன வேண்டும், சார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்குப் பின்னால் மேற்பார்வைத் துரை கைகளை முதுகில் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். துரை தூணுக்கு அப்பால் போனதும், உதட்டை அசைக்காமல் தமிழில் சொன்னார்: "கழுத்து பதிமூணரை. வீட்ல சோறு போடுறாங்களா இல்லையா? ஒரு மணிக்குப் பின்வாசல்ல நில்லு."

அளவுநாடாவைத் தொடாமல், பார்த்த மாத்திரத்தில் ஓர் ஆளின் கழுத்தளவைச் சொல்லிவிடுவார். அரை அங்குலம்கூடப் பிசகாது. கவர்னர் மாளிகையிலிருந்து வருகிறவர்கள்கூட அவரைத் தேடி வந்து வாங்கியதாகச் சொல்வார்கள். அன்று பின்வாசல் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றபடி அவர் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "அப்பாவுக்குப் பதினஞ்சரை. ஆனா பதினஞ்சு காலர்தான் போடுவாரு. கிராணியா சேர்ந்த அன்னிக்கு எடுத்த அளவு. கழுத்து வளந்தது அவருக்கே தெரியாது. அதான் யாரப் பாத்தாலும் மூச்சு முட்டுது."

எங்கள் அப்பா மலாக்காவில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் பெரிய கிராணி. கடைநிலை எழுத்தராகச் சேர்ந்து, இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாமல், தலைமை எழுத்தரின் நாற்காலிக்கு வந்தவர். காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து அவர் சைக்கிளை எடுப்பதை வைத்து அக்கம்பக்கத்தார் மணி பார்ப்பார்கள். அவருக்கு உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான்: சர்க்கார் வேலையில் இருப்பவர்கள், மற்றவர்கள். அண்ணன் எழுத்தர் தேர்வில் இரண்டு முறை தோற்று, சிங்கப்பூருக்குப் போய் அந்தக் கடையில் சேர்ந்தபோது, அப்பாவைப் பொறுத்தவரை அவர் இரண்டாவது வகையில் போய் விழுந்தார். யாராவது மூத்த மகனைப் பற்றிக் கேட்டால் "சிங்கப்பூர்ல இருக்கான்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. மின்தூக்கியும் கண்ணாடிப் பேழையும் இருந்தாலும், துணி விற்பது துணி விற்பதுதான்.

அண்ணனுக்குப் பெண் பார்த்தபோது இது சிக்கலானது. பெண்ணின் தகப்பனார் தைப்பிங்கில் ஸ்டேஷன் மாஸ்டர். சர்க்கார் மாப்பிள்ளைக்குத்தான் பெண் கொடுப்பேன் என்று இருந்தவர். அப்பா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அலுவலகத்தில் துரைமார் வாங்கிப் பார்த்து வியக்கும் சாய்வெழுத்தில், தன் மகன் சிங்கப்பூர் செக்ரட்டேரியட்டில் கிராணியாக இருக்கிறான் என்று எழுதினார். அண்ணனுக்கு இது கல்யாணத்தன்றுதான் தெரிந்தது. பந்தியில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "மாப்பிள்ளைக்கு எந்த இலாகா?" என்று கேட்டார். அண்ணன் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். பிறகு, "கழுத்து இலாகாங்க" என்றார். தாலி கட்டிய நாளில் மாப்பிள்ளை வேடிக்கை பேசுகிறார் என்று பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அண்ணி சிங்கப்பூர் போன இரண்டாம் வாரமே உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார். கோபப்படவில்லை. "கிராணிங்க வீட்ல என்ன வாசன வரும், தம்பி? மை வாசனதான். இவரு வீட்டுக்கு வந்தா பூக்கட மாதிரி இருக்கு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். ஆனால் தைப்பிங்குக்கு எழுதிய கடிதங்களில் அவரும் அந்தப் பொய்யைக் காப்பாற்றினார். எங்களிடம் பேசும்போது மட்டும் தன்னை "சர்க்கார் மருமக" என்று சொல்லிக்கொள்வார். அப்பாவின் காதில் விழும்படி சொல்வார்.

சிங்கப்பூர் விழுந்தபின் அந்தக் கடையை ஒரு ஜப்பானிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார்கள். படை அதிகாரிகள்தான் வாடிக்கையாளர்கள். அண்ணன் நான்கு மாதம் தாக்குப்பிடித்தார். ஒருநாள் ஓர் அதிகாரி காலர் கேட்டார். அண்ணன் பார்வையிலேயே அளவைச் சொன்னார். அதிகாரி நம்பவில்லை, அளந்து காட்டச் சொன்னார். அண்ணன் நாடாவை எடுத்து முன்பக்கமிருந்து அவர் கழுத்தில் சுற்றினார். குனிந்து வணங்காமல் கழுத்தைத் தொட்டதற்காக மூன்று அறை. "நான் சொன்ன அளவுதான் நாடாவுலயும் வந்துச்சு. அதுக்கு நாலாவது அறை" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார். ஒரு காது கடைசிவரை சரியாகக் கேட்கவில்லை. அண்ணியை அழைத்துக்கொண்டு காஜா பெராங்குக்கே வந்துவிட்டார்.

அதற்குள் நானும் அப்பாவின் அலுவலகத்தில் டைப் அடிக்கிறவனாகச் சேர்ந்திருந்தேன். துரைமார் போய், கொடி மாறி, சுவர்க் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். காலையில் முற்றத்தில் வரிசையாக நின்று வடகிழக்கு நோக்கிக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அப்பா முதல் வரிசையில் நிற்பார். அவரைக் கோழை என்று நான் எழுதமாட்டேன். விசுவாசி என்றும் எழுதமாட்டேன். ஆட்சி யாருடையதானாலும் கோப்புகள் தன்னுடையவை என்று நம்பினார். ஜப்பானியர் கேட்ட அறிக்கைகளையும் அதே இரட்டைக் கோடு போட்டு, அதே ஓரம் விட்டு, அதே நேரத்துக்குக் கொடுத்தார். எங்கள் சட்டையில் ஜப்பானிய எழுத்துப் போட்ட துணிச்சின்னம் ஒன்று குத்தியிருக்கும். ஒருநாள் சினிமாக் கொட்டகை வாசலில் லோரியை நிறுத்தி ஆள் பிடித்தபோது, அந்தச் சின்னத்தைப் பார்த்து என்னை விட்டார்கள். என்னோடு பேசிக்கொண்டிருந்த சலவைக்காரரை ஏற்றிக்கொண்டு போனார்கள். சர்க்கார் வேலை என்றால் என்ன என்பதை அப்பா சொல்லிக் கேட்ட ஆண்டுகளில் புரியாதது அந்த ஒரு நிமிடத்தில் எனக்குப் புரிந்தது.

அண்ணனுக்கு அந்தச் சின்னம் இல்லை. ஊரில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் துணிக்கடையில் கொஞ்ச நாள் நின்றார். விற்கத் துணி இல்லாத காலம். இருந்த மூன்று சட்டைகளையும் இரண்டு பூசணிக்காயையும் வைத்து முகப்புக் கண்ணாடியை அவர் அலங்கரித்ததைப் பார்க்கத் தெருவே வந்தது. வாங்க யாரும் வரவில்லை. "வெள்ளக்காரன் கடயில நின்ன ஆளாம். பூசணிக்காய்க்கும் டை கட்டுவாரு போல" என்றார் முதலாளி. கடை மூடியது. பிறகு வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டார். பழைய சட்டைகளின் காலரைப் பிரித்து, நைந்த பக்கத்தை உள்ளே திருப்பித் தைத்துக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் குடும்பப் பதிவேடு வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உள்ள ஆண்களின் பெயர், வயது, தொழில் மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டியிருந்தது. தோட்டங்களிலிருந்து போனவர்கள் ஒருவர்கூடக் கடிதம் போடவில்லை. தொழில் கட்டத்தில் "அரசாங்கம்" என்று இருந்தால் பெயரைத் தொடமாட்டார்கள். "இல்லை" என்று இருந்தால் அழைப்பு எப்போது வேண்டுமானாலும் வரும். எங்கள் பகுதிக்கான பதிவேட்டைத் தயாரிக்கும் பொறுப்பு அப்பாவுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் வீட்டுக்கான படிவத்தை அவரே நிரப்ப உட்கார்ந்தார்.

அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தார். "அப்பா, என் கட்டத்துல கிராணின்னு போட்டுடுங்க. ஏற்கெனவே எழுதிப் பழகுன கைதானே."

அப்பா நிமிரவில்லை. "இது சர்க்கார் ஃபாரம்."

"அரிசிப் பங்கீட்டுப் பிரிவுல ஒரு எடம் காலியா இருக்குன்னு தம்பி சொன்னான். தற்காலிகமா என்னைப் போடுங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். அப்ப அது பொய்யும் இல்ல."

"ஒரு மகன் ஏற்கெனவே உள்ள இருக்கான். இன்னொரு மகனையும் இழுத்துட்டான்னு எவனும் என்னைக் கை நீட்டிப் பேசக்கூடாது. பரீட்ச தேறாதவன நாற்காலியில உக்கார வச்சா அது ஆபீஸ் இல்ல, சத்திரம்."

"பரீட்ச வச்ச தொரைங்க எல்லாம் சாங்கி ஜெயில்ல இருக்காங்கப்பா. யாரு வந்து கேக்கப்போறா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அதுவரை கதவோரம் நின்றிருந்த அண்ணி உள்ளே வந்தார். "தைப்பிங்குக்கு எங்கப்பாவுக்கு லெட்டர் எழுதுனது எந்தக் கை, மாமா?"

மருமகள் அவரிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல்முறை. அப்பா பேனா முனையைத் துடைத்தார். அவர் சொன்ன பதிலை நான் வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "அது குடும்ப விஷயம்மா. இது சர்க்கார் விஷயம்." பிறகு அண்ணனின் பெயருக்கு எதிரே "இல்லை" என்று எழுதினார்.

அவர் நடிக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். குடும்பத்தில் பொய் சொல்லலாம். அது மனிதர்களுக்குள் நடப்பது, மனிதர்கள் மன்னித்துக்கொள்வார்கள். கோப்பில் பொய் சொன்னால் அது எப்போதைக்குமாக இருந்துவிடும். இதுதான் அவருடைய கணக்கு. இப்படி நம்பியவர் அவர் ஒருவர் அல்ல. அந்தத் தலைமுறைக் கிராணிமார் பலரை நான் பின்னால் பத்திரிகை வேலையில் சந்தித்திருக்கிறேன். சொந்த அண்ணன் தம்பியிடம் காட்டாத நேர்மையை ஒரு படிவத்திடம் காட்டியவர்கள்.

உத்தரவு மூன்று மாதம் கழித்து வந்தது. எங்கள் பகுதியிலிருந்து முப்பது ஆள். மறுநாளே பட்டியல் வேண்டும். அப்பா பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து திறந்தார். தெருவாரியாக, வீட்டு எண்வாரியாக, "இல்லை" என்று இருந்த ஒவ்வொரு பெயருக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரையும் தாண்டவில்லை. முப்பதாவது புள்ளி எங்கள் வீட்டில் விழுந்தது. ஒரு வீடு தள்ளி விழுந்திருந்தால் பின்வீட்டுச் செட்டிக் குடும்பத்து மகனுக்கு விழுந்திருக்கும். நெற்றியில் திருநீறும் வாயில் மலாய்ப் பேச்சுமாக இருக்கும் மலாக்காச் செட்டிகள் அவர்கள். எங்களோடு நாலு தமிழ்ச் சொல் பேசினால் அதிகம். அந்தப் பையன் அண்ணனுக்கு மரவள்ளித் தண்டு கொடுத்தவன்.

அப்பா பதிவேட்டை என்னிடம் தந்தார். நான் இரண்டு கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி அடித்தேன். இருபத்தொன்பது பெயர்கள் அடித்தேன். முப்பதாவதை அடிக்கவில்லை. துணிந்து செய்ததாகச் சொல்லமாட்டேன். கை அங்கே நின்றது. நான் தாளை உருவிவிட்டேன்.

அடித்த எதையும் ஒத்துப் பார்க்காமல் வெளியே விடுவது அந்த அலுவலகத்தில் இல்லை. ஒருவர் மூலத்தைப் படிக்க வேண்டும். மற்றவர் அடித்த தாளில் விரல் வைத்து ஒவ்வொரு வரிக்கும் "சரி" சொல்ல வேண்டும். அப்பா படித்தார், நான் சரி சொன்னேன். முப்பதாவதாக அண்ணனின் பெயரைப் படித்தார். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் தன் பெயரைப் படித்தார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. என் விரலுக்குக் கீழே வெறும் தாள் இருந்தது. "சரி" என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "கடைசி நம்பர் என்ன?"

முப்பது என்று சொல்லியிருக்கலாம். அவர் தாளை வாங்கிப் பார்த்திருப்பார் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பார்க்காமலும் இருந்திருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். இன்று எனக்குத் தோன்றுவது, அவர் எனக்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்தார் என்பது. ஒரு சொல் பொய் போதும். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. நானும் அந்த வீட்டில் வளர்ந்தவன். "இருபத்தொன்பது" என்றேன்.

அவர் மூன்று பிரதிகளையும் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக, தன் சாய்வெழுத்தில் அண்ணனின் பெயரை எழுதினார். முடித்தபின், "டைப் அடிக்கும்போது கவனம் வேணும்" என்றார்.

மறுநாள் மொழிபெயர்ப்பாளர் அந்தக் கையெழுத்து வரியைக் கவனித்துவிட்டார். ஜப்பானியரின் கீழிருந்த பார்மோசாத் தீவிலிருந்து வந்த சீனர். நல்ல ஆங்கிலம் பேசுவார். தகப்பனார் பெயரில் விரலை வைத்து, "இது நீங்களா?" என்று கேட்டார். அப்பா ஆம் என்றார். மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "எடுத்துவிடுங்கள். வேறு ஒருவரை எழுதுங்கள். மேலே அவர்களுக்கு எண்ணிக்கைதான் வேண்டும்." அப்பா சொன்னார்: "அடுத்த பெயர் என் பின்வீட்டுக்காரர் மகன். அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" மொழிபெயர்ப்பாளர் தோளைக் குலுக்கிவிட்டு முத்திரையை அழுத்தினார்.

நியாயமான கேள்விதான். எப்படிப் பார்த்தாலும் முப்பது பேர் போயிருப்பார்கள். பின்வீட்டுப் பையன் போகவில்லை. ஊரிலேயே இருந்து, பிள்ளை பெற்று, பேரன் எடுத்தார். தான் முப்பத்தொன்றாவது ஆள் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. அவருடைய பேரப்பிள்ளைகளைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் அப்பா அன்று சொன்னதை மறுக்க எனக்கு வழி தெரிந்ததில்லை. பின்வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பற்றிக் கவலைப்பட்டவர், தன் வீட்டுக் கதவோரம் நின்ற மருமகளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பற்றிக் கவலைப்பட்டாரா என்பது மட்டும்தான் என் கேள்வி.

பண்டார் ஹிலிர் திடலில், கடலைப் பார்த்தாற்போல, முப்பது பேரையும் காலையில் நிறுத்தினார்கள். பெயர் கூப்பிடுவது பெரிய கிராணியின் வேலை. அண்ணன் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "சயாம்ல கடை இருந்தா பாக்கலாம்" என்று முந்தின நாள் அண்ணியிடம் சொல்லியிருந்தார். அப்பா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பதில் கேட்டு, பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தார். கடைசிப் பெயரைக் கூப்பிட்டார். அண்ணன் அவருடைய முகத்தை நேராகப் பார்த்து, கடையில் நிற்கும்போது பேசுகிற அந்தத் தணிந்த குரலில், "இருக்கேன், சார்" என்றார். அப்பா குறித்துக்கொண்டார். லோரிகள் கிளம்பின. இப்போது அந்தப் பக்கம் முழுக்கப் பேரங்காடி வந்துவிட்டது. லோரிகள் நின்ற இடத்தில், குளிரூட்டிய கூடத்தில், கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர்கள் வாசனைத் திரவியம் தெளித்த அட்டையை வருகிறவர்களின் மூக்கருகே நீட்டுகிறார்கள். என் பேத்தி அங்கே போகலாம் என்று கூப்பிடும்போது எனக்கு முட்டிவலி வந்துவிடும்.

திரும்பி வந்தவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர், கால் முழுக்கப் புண்ணோடு, போர் முடிந்தபின் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அண்ணி அவருக்குக் கஞ்சி கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "கோணிச் சாக்குல கால்சட்ட தச்சுக் குடுப்பாரும்மா. இடுப்பப் பாத்தே அளவு சொல்லுவாரு. நாளைக்கு இன்னும் ரெண்டு அங்குலம் கொறையும், இப்பவே புடிச்சித் தைக்கிறேன்னு சிரிப்பாரு. மழைக்காலத்துல பேதி வந்துச்சி. ரெண்டே நாளு." அண்ணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பா அந்த ஆளிடம் தேதி கேட்டார். அவருக்குத் தேதி தெரியவில்லை.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்ததும், ஜப்பானியர் காலத்தில் வேலை பார்த்த சர்க்கார் ஊழியர்களை விசாரித்தார்கள். யாரோ அப்பாவின் மேல் மனு போட்டிருந்தார்கள்: பெரிய கிராணி வேண்டியவர்களை விட்டுவிட்டு வேண்டாதவர்களைச் சயாமுக்கு அனுப்பினார் என்று. வேலை போகும், ஓய்வூதியம் போகும் என்ற நிலை. விசாரணைக்கு அழைத்த அன்று அப்பா தன் மேசை இழுப்பறையிலிருந்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு போனார். பட்டியலின் மூன்றாம் பிரதி.

என்னையும் கூப்பிட்டார்கள். சீருடை அணிந்த துரை ஒருவர் கேட்டார்: "பட்டியலை அடித்தபோது யாருடைய பெயராவது விடப்பட்டதா?" இல்லை என்றேன். எங்கள் குடும்பம் சர்க்காரிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். அண்ணனின் உயிரைக் காப்பாற்ற வராத பொய், அப்பாவின் வேலையைக் காப்பாற்ற எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது. அடுத்த மாதமே அந்த வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்குப் போனேன். அதனால் எதுவும் மாறிவிடவில்லை.

அன்று மாலை அப்பா வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார். முகம் தெளிந்திருந்தது. "சுத்தம்னு எழுதிட்டாங்க. அவன் பேரப் பாத்ததும், அதுவும் என் கையெழுத்துல பாத்ததும், தொரை எழுந்திரிச்சிக் கை குடுத்தாரு" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அது மகனுக்காகக் கலங்கியதா, கைகொடுத்த துரைக்காகக் கலங்கியதா என்று நான் பார்த்தேன். தெரியவில்லை.

அண்ணி கேட்டார்: "அந்தத் தாளு எங்க, மாமா?"

"பைல்ல சேத்துக்கிட்டாங்க."

"அப்ப அவரு சர்க்கார் பைலுக்குப் போயிட்டாரு. எங்கப்பாவுக்கு நீங்க எழுதுனது கடைசியில நெசமாயிடுச்சி."

அப்பா மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குச் சைக்கிளை எடுத்தார். மேலும் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

சிங்கப்பூர்க் கடையைப் பழைய முதலாளிகள் மறுபடியும் திறந்திருந்தார்கள். அண்ணி யாரிடமும் கேட்காமல் அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார்: என் கணவர் உங்களிடம் ஒன்பது ஆண்டு டை விற்றவர், எனக்கு ஒரு வேலை வேண்டும் என்று. பெண்கள் பகுதியில் கையுறை விற்கும் இடம் கிடைத்தது. அவரைச் சிங்கப்பூர்ப் பாதையில் மூவார்வரை போகும் பஸ்ஸில் ஏற்றிவிட நான்தான் போனேன். அப்பா வாசல்வரை வந்தார். அண்ணி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

பஸ் கிளம்ப நேரமிருந்தது. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, அன்னிக்கு மாமா அந்தப் பேர எழுதும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான் இருந்தேன், அண்ணி."

"என்ன செஞ்சீங்க?"

கண்டக்டர் இன்னும் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தான். பொய் சொல்ல நேரமும் இருந்தது, பழக்கமும் வந்திருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்தபோது முடியவில்லை.

"மை பரவிடக்கூடாதுன்னு, ஒத்துற தாள எடுத்துக் குடுத்தேன்."

அண்ணி தலையசைத்தார். விலை கேட்டுத் தெரிந்துகொண்டவர் போல ஒரே ஒரு முறை. பிறகு முகத்தைத் திருப்பி, எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளின் கூடைக்கு இடம்விட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டார்.